பழைய பொருள் சந்தைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

திறந்தவெளியில் கூடும் பழைய பொருள் சந்தையில் பெரும்பாலும் ரசீதும் இருக்காது, உத்தரவாதமும் இருக்காது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்து ஓட்டை என்று தெரிந்தால் கேட்க ஆள் இருக்காது. அதனால் பேரம் பேசக் கற்றுக்கொள்வதற்கு முன், பொருளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன்

துணிப்பை, சில்லறை, சின்னக் காந்தம், அளவு நாடா, டார்ச், இரண்டு மூன்று பென்சில் பேட்டரி. இவ்வளவு போதும். அலமாரி, மேசை வாங்கும் எண்ணம் இருந்தால் வீட்டு வாசலின் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. எப்போது போவது?

நல்ல பொருள் வேண்டுமென்றால் விடியற்காலை, விலை குறைய வேண்டுமென்றால் கடை கட்டும் நேரம். மிஞ்சியதைத் திரும்பச் சுமந்து போக யாருக்கும் மனசு வராது. என் ஓட்டு காலைக்குத்தான்.

3. முதலில் ஒரு சுற்று

எதையும் வாங்காமல் சந்தை முழுக்க ஒருமுறை நடந்துவிடுங்கள். ஒரே மாதிரிப் பொருளுக்கு நாலு கடையில் நாலு விலை சொல்வார்கள்.

4. கையில் எடுத்துப் பாருங்கள்

பித்தளை என்று சொன்னால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். ஒட்டவில்லை என்பதற்காகப் பித்தளைதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அலுமினியத்திலும் துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. பொருளைக் கவிழ்த்து, அடியில் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். அங்கே நிறம் மாறியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெள்ளிக் கரண்டியில் 925 என்று முத்திரை இருந்தால் 92.5 சதவீதம் வெள்ளி என்று பொருள். ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. (முத்திரையையும் போலியாகக் குத்துவார்கள், அது வேறு கதை.)

வார்ப்பிரும்புச் சட்டியில் துரு இருந்தால் பயப்பட வேண்டாம், தேய்த்தால் போய்விடும். விரிசல்தான் ஆபத்து. விரல் முட்டியால் தட்டுங்கள்: கணீரென்று ஒலித்தால் நல்லது, சத்தம் அமுங்கினால் கீழே வைத்துவிடுங்கள். பீங்கானுக்கும் இதே சோதனைதான்.

மரச்சாமானில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள். புதுசாக மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். பழைய கேமராவில் பேட்டரி அறையைத் திறந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள். சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் பூஞ்சை.

ஹெல்மெட், குழந்தைகளுக்கான கார் இருக்கை இரண்டையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே விபத்தில் அடிபட்டதா என்பது பார்வைக்குத் தெரியாது.

5. பேரம்

விலையை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள். பொருளை மட்டம் தட்டிப் பேசாதீர்கள், கடைக்காரருக்குக் கோபம்தான் வரும். இரண்டு மூன்றைச் சேர்த்து எடுத்து, "மொத்தமாக என்ன போட்டுத் தருவீர்கள்?" என்று கேட்டால் எளிதாகக் குறையும். நீங்கள் கேட்ட விலைக்கு அவர் சரி என்றுவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

6. வீட்டுக்கு வந்ததும்

துணிமணியைக் கட்டிய பையோடு வாசலிலேயே வையுங்கள். தையல் மடிப்புகளில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம். வெந்நீரில் துவைத்து நன்றாக உலர்த்திய பிறகே உள்ளே எடுத்துப் போங்கள்.