எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? முதலில் கீழே குனியுங்கள்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சின் இன்றைய சாதாரண குடும்பக் காரிடம்கூடத் தோற்றுப்போகும். ஆனால் கூரையை மடித்துவிட்டு 50 மைல் வேகத்தில் போனாலே பறப்பது போல இருக்கும். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானதால், உதிரி பாகம் கிடைக்காது என்ற கவலையும் இல்லை. பாதி வேலையை நாமே ஸ்பேனர் பிடித்துச் செய்துவிடலாம்.

ஆசை சரி. தவறு நடப்பது காரைப் பார்க்கப் போகும் நாளில்தான். பளபளக்கும் பெயின்டையும் குரோமையும் பார்த்து மயங்கி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டி, பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் காருக்குத் தனி சேஸி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. கதவுகளுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பெட்டி போன்ற பகுதிதான் முதுகெலும்பு. நிலையான கூரையில்லாத ரோட்ஸ்டரில் பாரத்தில் பெரும்பங்கு அதன் மேல்தான். இங்கிலாந்தில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் சில்லுக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். துரு வெளியே தெரியும்போது உள்ளே பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது.

அதனால் துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தோடு போங்கள். சில்லின் அடிப்பக்கத்தில் ஒட்டவில்லை என்றால், அங்கே இரும்பு இல்லை, ஓட்டையை மூடப் பூசிய பட்டிதான் இருக்கிறது. கதவின் ஓர இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் கதவு இறுகிக்கொண்டால், கார் நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கும் செலவு கணக்குக்குள் அடங்கும். பாடி வேலை அப்படி இல்லை. 1988-இலிருந்து புது பாடியே செய்து விற்கிறார்கள் என்பதிலிருந்தே நிலைமை புரியும்.

'40 வயது தாண்டிய கார், எம்ஓடி சோதனை வேண்டாம்' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். எம்ஓடி என்பது பிரிட்டனில் கார்களுக்கு வருடாவருடம் நடக்கும் தகுதிச் சோதனை. விலக்கு உண்மைதான். ஆனால் காரைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் பொறுப்பு ஓட்டுபவருடையது. விருப்பப்பட்டு சோதனைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு அவர் தயங்கினால் வேறு கார் பாருங்கள்.

வயரிங் கெட்டால், மின் பாகங்களைச் செய்த லூகாஸ் கம்பெனியைத் திட்டுவது ஒரு பழைய பொழுதுபோக்கு. பெரும்பாலும் குற்றவாளி, காரின் பாடியோடு சேரும் இடத்தில் துருப்பிடித்த எர்த் இணைப்புதான். ஒன்று மட்டும் கவனம்: 1967 வரை வந்த எம்ஜிபிகளில், இன்றைய கார்களுக்கு நேர்மாறாக, பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். தெரியாமல் நவீன ரேடியோவை மாட்டினால் அது அத்தோடு போச்சு.

1974-க்குப் பிந்தைய கறுப்பு ரப்பர் பம்பர் கார்களைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அமெரிக்க விதிகளுக்காக உயரத்தையும் கூட்டியதால் வளைவுகளில் கொஞ்சம் சாயும், அது நிஜம். ஆனாலும் உருப்படியான பாடி உள்ள ரப்பர் பம்பர் கார் கிடைத்தால், துருவேறிய குரோம் பம்பர் காரைவிட அதைத்தான் நான் எடுப்பேன்.

வாங்கிய பிறகு நடக்கும் தவறு, பொத்திப் பொத்தி வைப்பது. பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் தங்கும், பிரேக் இறுகும், கிளச் ஒட்டிக்கொள்ளும். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனின் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். குழாய்களை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எத்தனால் குறைந்த, விலை கூடிய சூப்பர் ரகத்தைப் போடுங்கள். மாதம் இரண்டு தடவையாவது, சாலை காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.