ரோனோக் குடியேற்றம் எங்கே போனது? கருதுகோள்களை நீங்களே எடைபோட ஒரு செய்முறை

ரோனோக் கதை இணையத்தில் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் கிடைக்கும். 1587-இல் நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயர்கள் அமெரிக்கக் கரையோரத் தீவு ஒன்றில் குடியேறினார்கள். 1590-இல் போய்ப் பார்த்தால் ஒரு ஆள் இல்லை. மரத்தில் யாருக்கும் புரியாத ஒரு சொல் மட்டும் இருந்தது. இதில் கடைசி வரி தவறு. ‘குரோட்டோவன்’ என்ற அந்தச் சொல் பக்கத்துத் தீவு ஒன்றின் பெயர். அதைப் படித்த ஆளுநர் ஜான் வைட்டுக்கு அது உடனே புரிந்தது, மகிழ்ச்சியும் தந்தது. இந்த விஷயத்தில் புதிதாக நுழைபவர்கள் வழி தவறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தேவையானவை: ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, அஞ்சலட்டை அளவில் வெட்டிய இருபது துண்டு அட்டைகள், வட கரோலினா மாநிலக் கரையோரத்தின் வரைபடம் ஒன்று (அச்செடுத்தது, அளவுகோல் கோடு போட்டது), ஒரு துண்டு நூல். மூன்று மாலைப் பொழுதுகள் போதும்.

படி 1: காலவரிசையை 1584-இல் தொடங்குங்கள்

பலரும் 1587-இல் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்தால் அக்கம்பக்கத்து மக்கள் ஏன் பகையாக இருந்தார்கள் என்பது விளங்காது. பேய், சாபம் என்று கதை கட்டத் தோன்றும். நோட்டில் இந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள்.

1584 மார்ச் 25: எலிசபெத் அரசி வால்டர் ராலேவுக்குக் குடியேற்ற உரிமைப் பட்டயம் தருகிறார். அதே ஆண்டு போன முன்னோட்டக் கப்பல்கள் மான்ட்டியோ, வாஞ்சீஸ் என்ற இரண்டு உள்ளூர் ஆட்களை இங்கிலாந்துக்கு அழைத்துவருகின்றன. மான்ட்டியோ குரோட்டோவன் தீவைச் சேர்ந்தவர். இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1585: ரால்ஃப் லேன் தலைமையில் நூற்றுச் சொச்சம் ஆண்கள் மட்டும் கொண்ட ராணுவ முகாம். ஒரு வெள்ளிக் கோப்பை காணாமல் போனதற்காக, கப்பல் தொகுதித் தலைவர் ரிச்சர்ட் கிரென்வில் ஒரு கிராமத்தையும் அதன் சோள வயலையும் எரிக்கிறார். 1586 ஜூன் 1-இல் லேனின் ஆட்கள் அப்பகுதித் தலைவர் விங்கினாவைக் கொல்கிறார்கள். சில நாட்களிலேயே மொத்த முகாமும் பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்களில் ஏறி ஊர் திரும்பிவிடுகிறது. அடுத்து வந்த கிரென்வில் காவலுக்கு 15 பேரை விட்டுச் செல்கிறார். அவர்களில் ஒருவரின் எலும்புக்கூடு மட்டும் பிறகு கிடைத்தது.

1587 ஜூலை 22: ஓவியர் ஜான் வைட் ஆளுநராக, பெண்களும் குழந்தைகளும் அடங்கிய குழு வந்து சேர்கிறது. செசபீக் விரிகுடாவுக்குப் போவதுதான் திட்டம். மாலுமி சைமன் பெர்னாண்டஸ் ரோனோக்கிலேயே இறக்கிவிடுகிறார். ஆறே நாளில், தனியாக நண்டு பிடிக்கப் போன ஜார்ஜ் ஹவ் கொல்லப்படுகிறார். ஆகஸ்ட் 18-இல் வைட்டின் பேத்தி வர்ஜீனியா டேர் பிறக்கிறாள். ஆகஸ்ட் 27-இல் உதவி கொண்டுவர வைட் கப்பலேறுகிறார். 1588-இல் ஸ்பெயினின் பெரும் கடற்படை இங்கிலாந்தை நோக்கி வந்த நேரம். திரும்பும் முயற்சி கைகூடவில்லை. 1590 ஆகஸ்ட் 18-இல்தான் மீண்டும் தீவில் கால் வைக்கிறார். பேத்திக்கு அன்று மூன்று வயது நிறைகிறது.

இங்கே இரண்டு சிக்கல் வரும். முதலாவது எண்ணிக்கை: ஒரு நூலில் 115, இன்னொன்றில் 117, வேறொன்றில் 118 என்று இருக்கும். வைட் விட்டுச் சென்ற பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும், இறந்த ஹவ் பெயரும் உண்டு. அங்கே பிறந்த இரண்டு குழந்தைகள் தனியாக உண்டு. யாரைச் சேர்க்கிறோம், யாரை விடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். ‘சுமார் 115’ என்று எழுதிக்கொண்டு நகருங்கள். இரண்டாவது நாட்காட்டி: ஆங்கிலேயர்கள் அப்போதும் பழைய ஜூலியன் கணக்கில் இருந்தார்கள், ஸ்பானியர்கள் 1582-லேயே கிரிகோரியனுக்கு மாறிவிட்டார்கள். இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிடும்போது 10 நாள் வித்தியாசத்தைச் சரிசெய்யாவிட்டால் நடக்காத தற்செயல்களெல்லாம் நடந்ததாகத் தெரியும்.

படி 2: நூலை வைத்துத் தூரம் அளக்கவும்

வரைபடத்தில் மூன்று புள்ளிகள் வையுங்கள். ஒன்று ரோனோக் தீவின் வடமுனை. இரண்டாவது, அன்றைய குரோட்டோவன். இன்று இது ஹட்டராஸ் தீவின் ஒரு பகுதி, பக்ஸ்டன் ஊரை ஒட்டி. ரோனோக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 50 மைல். மூன்றாவது, ஆல்பமார்ல் நீர்ப்பரப்பின் மேற்குக் கோடி. சோவான் ஆறு வந்து சேரும் இடத்தில், பெர்ட்டி மாவட்டத்தில் சால்மன் ஓடை என்று இருக்கும். இதுவும் ஏறத்தாழ அதே தூரம், ஆனால் மேற்கே.

இந்த இரண்டு 50-ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வைட் கிளம்பும் முன்பே குடியேறியவர்கள் நிலப்பகுதிக்குள் 50 மைல் தள்ளிப் போவதாகப் பேசி வைத்திருந்தார்கள். அது உள்நாட்டுத் திட்டம். தீவுச் சங்கிலியில் இருக்கும் குரோட்டோவன் நிலப்பகுதிக்குள் வராது. சொன்ன திட்டம் ஒன்று, எழுதி வைத்த பெயர் வேறு. எந்தக் கருதுகோளாக இருந்தாலும் இந்த முரணுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய வரைபடத்தின் கடல்வாய்களை நம்ப வேண்டாம். மணல் தீவுகள் இடம் மாறுபவை. பழைய வாய்கள் தூர்ந்து புதியவை திறந்திருக்கின்றன. ரோனோக்கின் வடகரையும் நிறைய அரித்துப் போயிருக்கிறது. ‘ஊரின் தடம் கிடைக்கவில்லை’ என்ற செய்திக்கு நீரடியில் இருக்கலாம் என்ற எளிய விளக்கமும் உண்டு.

படி 3: வைட்டின் குறிப்பை இரண்டு நிறத்தில் பிரிக்கவும்

1590-இன் ஒரே நேரடிச் சாட்சி வைட்டின் குறிப்புதான். அவர் கண்டதை நீலத்தில் எழுதுங்கள், ஊகித்ததைச் சிவப்பில்.

நீலத்தில் வருபவை: ஒரு மரத்தில் சி, ஆர், ஓ என்ற மூன்று எழுத்து. வேலிக் கம்பம் ஒன்றில் பட்டை உரித்து, ‘குரோட்டோவன்’ என்று முழுச்சொல். ஆபத்தில் போனால் மேலே சிலுவை செதுக்குவது என்று முன்பே பேசிய ஏற்பாடு. அந்தச் சிலுவை எங்கும் இல்லை. வீடுகள் பிரித்து எடுக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் பெரிய மரங்களால் ஆன உறுதியான வேலி. இரும்புக் கட்டிகள், ஈயம், கனமான பீரங்கிகள் புல்லில் கிடந்தன. படகுகளும் சிறு பீரங்கிகளும் இல்லை. புதைத்து வைத்திருந்த பெட்டிகளை யாரோ தோண்டி உடைத்திருந்தார்கள். அவற்றில் வைட்டின் சொந்தப் பெட்டிகளும் உண்டு. புத்தகங்கள் கிழிந்து, கவசம் துருவேறிக் கிடந்தன.

சிவப்பில் வருவது: அவர்கள் பத்திரமாகக் குரோட்டோவனில், மான்ட்டியோவின் மக்களோடு இருக்கிறார்கள் என்ற வைட்டின் முடிவு.

இப்போது நீலப் பகுதியை மட்டும் படியுங்கள். எரிந்த வீடுகளோ சடலங்களோ இல்லை. தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு, முடியாததை விட்டுவிட்டு, நிதானமாக வீட்டைப் பிரித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். சொன்னால் சொன்னபடி முகவரியும் எழுதி வைத்திருக்கிறார்கள். காணாமல் போகிறவர்கள் இப்படிச் செய்வதில்லை! வைட் அந்த முகவரிக்குப் போக முடியாமல் போனதுதான் விபரீதம். முந்தின நாள் கடல்வாயில் படகு கவிழ்ந்து ஏழு பேர் இறந்திருந்தார்கள். பிறகு நங்கூரக் கயிறுகள் அறுந்தன. புயல் கப்பலை வேறு பக்கம் தள்ளியது. அக்டோபர் 24-இல் பிளிமத் போய்ச் சேர்ந்தார். அவர் திரும்ப வரவே இல்லை.

படி 4: ஒவ்வொரு சான்றுக்கும் ஓர் அட்டை

அட்டையின் மேல் மூலையில் இரண்டு எண் எழுதுங்கள்: நிகழ்வுக்கும் பதிவுக்கும் இடையே எத்தனை ஆண்டு, செய்தி எத்தனை வாய் மாறி வந்தது. இரண்டும் கூடக் கூட அந்த அட்டையின் கனம் குறையும். சில உதாரணங்கள்:

ஸ்பானியக் கப்பல் தலைவர் விசெந்தே கொன்சாலஸ் 1588 ஜூனில் ரோனோக்கில் படகு இழுக்கும் சறுக்குமேடையையும், கிணறாகப் பயன்படுத்த மண்ணில் இறக்கிய ஆங்கிலப் பீப்பாய்களையும் கண்டார். இடைவெளி ஓராண்டு, நேரில் பார்த்தது. நல்ல கனம்.

1607-இல் வர்ஜீனியாவில் ஆங்கிலேயர்கள் அமைத்த ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் இருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி, அப்பகுதிப் பழங்குடிகளின் பேரரசர் பவ்ஹாட்டன் இவர்களைக் கொல்லச் சொன்னார் என்று எழுதினார். இடைவெளி இருபது ஆண்டுக்கு மேல், மொழிபெயர்ப்பு வழியாக வந்த செய்தி. அதோடு, பவ்ஹாட்டனோடு ஆங்கிலேயர்கள் மோதிக்கொண்டிருந்த காலம். பழி சுமத்த ஆள் தேவைப்பட்ட நேரம். கனம் குறைவு. ஆனால் தூக்கிப் போடவும் முடியாது.

ஜான் லாசன் 1709-இல் அச்சான நூலில், ஹட்டராஸ் மக்கள் தங்கள் முன்னோரில் சிலர் வெள்ளையர், புத்தகத்தில் ‘பேசத்’ தெரிந்தவர்கள் என்று சொன்னதாகவும், அவர்களிடையே சாம்பல் நிறக் கண்கள் இருந்ததாகவும் எழுதினார். இடைவெளி நூறு ஆண்டுக்கு மேல். கப்பல் உடைந்து கரையேறிய மாலுமிகளாலும் அந்தக் கண்கள் வந்திருக்கலாம்.

படி 5: கருதுகோள்களை அட்டைகளோடு மோத விடுங்கள்

ஸ்பானியத் தாக்குதல் முதலில் விழும். ஸ்பானியர்கள் 1588-க்குப் பிறகும் அந்தக் குடியேற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தானே அழித்ததை யாரும் தேட மாட்டார்கள். கடல் வழி ஊர் திரும்பும்போது மூழ்கினார்கள் என்பதும் பலவீனமே. கையில் இருந்த சிறு பாய்க்கப்பல் அத்தனை பேருக்கும் போதாது, எழுதி வைத்த பெயரும் இங்கிலாந்து இல்லை.

பஞ்சத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வர்ஜீனியா, வட கரோலினா எல்லைப் பகுதிச் சதுப்புநில சைப்ரஸ் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 1998-இல் வெளியான முடிவு: 1587 முதல் 1589 வரையான மூன்றாண்டு வறட்சி 800 ஆண்டுகளில் மிக மோசமானது. வந்து இறங்கிய ஆண்டிலேயே அது தொடங்கிவிட்டது. ஆனால் வறட்சி ஒரு காரணம் மட்டுமே, முடிவு இல்லை. எங்கே போனார்கள் என்பதற்கு அது பதில் தராது. எப்படிப் போயிருப்பார்கள் என்பதற்குத் தரும்.

அதற்கு ஒரு சின்னக் குறிப்பு போதும். 1587-இல் குரோட்டோவனுக்குப் போன ஆங்கிலேயர்களிடம் அத்தீவு மக்கள் முதலில் கேட்டுக்கொண்டது, எங்கள் சோளத்தைக் கவர்ந்துகொள்ளாதீர்கள், எங்களிடமே கொஞ்சம்தான் இருக்கிறது என்பது. சில நாள் கழித்து ஆள் தெரியாமல் அதே நட்பு மக்கள் மேல் வைட்டின் ஆட்கள் ஒரு விடியற்காலையில் பாய்ந்த சம்பவமும் நடந்தது. விருந்தாளியாக 115 பேரைத் தாங்க அந்த மணல் தீவால், வறட்சிக் காலத்தில், முடியாது. ஆகவே குழு பிரிந்திருக்க வேண்டும் என்பதே வலுவான வாசிப்பு. சிலர் குரோட்டோவனில் வைட்டின் கப்பலுக்காகக் கடலைப் பார்த்தபடி காத்திருக்க, பெரும்பகுதி உள்நாட்டுக்குப் போயிருக்கலாம். படி 2-இல் பார்த்த இரண்டு 50 மைலும் இப்படிப் பொருந்துகின்றன. ‘எங்கே?’ என்ற கேள்வியை ‘எத்தனை குழுவாக?’ என்று மாற்றிப் பாருங்கள், பாதி முடிச்சு அவிழும்.

படி 6: மண்ணிலிருந்து வரும் பொருள்களில் கவனம்

கருதுகோள்காரர்கள் அதிகம் வழுக்கி விழுவது இங்கேதான். ஒரு பொருள் ஆங்கிலேயருடையது என்றால், ஆங்கிலேயர் அங்கே வாழ்ந்தார்கள் என்று ஆகிவிடாது. வணிகம், கொள்ளை, பரிசு, கரை ஒதுங்கிய கப்பல் என்று வேறு வழிகளும் உண்டு.

ஹட்டராஸில் 1998-இல் சிங்க முத்திரை பதித்த மோதிரம் ஒன்று கிடைத்தது. தங்கம் என்றார்கள், 1585 குழுவில் இருந்த கெண்டல் குடும்பத்தது என்றார்கள். கண், காது, மூக்கு எல்லாம் வைத்துக் கதை வளர்ந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து எக்ஸ்-கதிர் சோதனை செய்தபோது அது பித்தளை. வணிகச் சரக்காக வந்திருக்க நல்ல வாய்ப்பு.

உள்நாட்டுப் பக்கம் சான்று வேறு வகை. வைட் வரைந்த வரைபடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த காகிதத் துண்டின் அடியில், 2012-இல் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சிப் பார்த்தபோது, ஒரு கோட்டைக் குறி தெரிந்தது. இடம் சால்மன் ஓடைப் பகுதி. அங்கே தோண்டியதில் தென் இங்கிலாந்தின் எல்லைப் பகுதிப் பாண்டம் எனப்படும் மட்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. உற்சாகமான செய்திதான். ஆனால் அந்தப் பாண்டம் 17-ஆம் நூற்றாண்டிலும் செய்யப்பட்டது. 1650-களில் அதே சுற்றுவட்டாரத்தில் நதானியேல் பேட்ஸ் என்ற வணிகர் வீடு கட்டி இருந்தார். ஜேம்ஸ்டவுனை நடத்திய வர்ஜீனியா நிறுவனம் 1624-இல் கலைந்த பிறகு அந்தச் சரக்கு இங்கே வருவது நின்றுவிட்டது என்பது அகழ்ந்தவர்களின் வாதம். வலுவான வாதம், ஆனால் கல்லில் பொறித்த தீர்ப்பாகாது. கோட்டைக் குறியோ கட்டியதையும் காட்டலாம், கட்ட நினைத்ததையும் காட்டலாம்.

கல்லில் பொறித்தது என்றதும் டேர் கற்கள் நினைவுக்கு வரும். 1937-இல் ஒரு கல் வந்தது, வைட்டின் மகளும் வர்ஜீனியாவின் தாயுமான எலியனோர் டேர் எழுதியதாக. மேலும் கல் கொண்டுவந்தால் பரிசு என்று அறிவித்தார்கள். மொத்தம் ஐம்பதை நெருங்கும் அளவுக்குக் கற்கள் வந்து குவிந்தன! 1941-இல் ஒரு பத்திரிகை விசாரணையில் குட்டு வெளிப்பட்டது. முதல் கல்லை மட்டும் இன்னும் சிலர் விடாமல் ஆராய்கிறார்கள். உங்கள் நோட்டில் அதற்கு ஒரு கேள்விக்குறி போதும், அதன் மேல் எந்தச் சுவரையும் எழுப்பாதீர்கள்.

படி 7: முடிவை அளவோடு எழுதுங்கள்

ஒவ்வொரு கருதுகோளுக்கும் ‘நிச்சயம்’, ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’, ‘இல்லை’ என்ற நான்கில் ஒன்றை மட்டும் போடுங்கள். சதவீதம் போடாதீர்கள், அது பொய்த் துல்லியம். திட்டமிட்ட இடப்பெயர்வு: நிச்சயம். ஒரு பகுதியினர் குரோட்டோவன் மக்களோடு கலந்தது: பெரும்பாலும். இன்னொரு பகுதி ஆல்பமார்ல் மேற்கே போனது: பெரும்பாலும். உள்ளே போனவர்களில் சிலரைப் பவ்ஹாட்டன் படை கொன்றது: இருக்கலாம். ஸ்பெயின்: இல்லை.

அடுத்த முறை ‘ரோனோக் மர்மம் அவிழ்ந்தது’ என்று செய்தி வரும்போது, பெரும்பாலும் ஆண்டுக்கொன்று வரும், மூன்றை மட்டும் தேடுங்கள்: பொருள் எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடைத்தது, அதே பொருள் 1607-க்குப் பிறகு வணிகத்தில் வந்திருக்க முடியுமா, பெண்கள், குழந்தைகள் அடங்கிய குடும்பங்கள் அங்கே தங்கி வாழ்ந்ததைக் காட்டும் அடுப்பு, குப்பைக் குழி, கல்லறை ஏதாவது உண்டா. மூன்றாவதற்கு இதுவரை எந்த இடத்திலிருந்தும் ‘ஆம்’ வரவில்லை.