கைப்பழக்கத்துக்கு மருந்து எழுதுமுன்

போன மாதம் எங்கள் வைத்தியசாலைக்குப் புதிதாக வந்த இளம் சித்த வைத்தியர் ஒருவர், துண்டில் அமுக்கிரா லேகியம் ஒரு மாதத்துக்கு என்று எழுதிக்கொண்டிருந்தார். எதிரே 23 வயதுப் பெடியன், தலையைத் தூக்காமல் இருந்தான். சுயஇன்பப் பழக்கத்தால் உடம்பு உருகிப் போகிறது என்று சொல்லி வந்தவன். கையை நீட்டி அந்தத் துண்டை வாங்கிக்கொண்டேன். 12 வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் எழுதினேன்.

வந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, ஏசக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனத்தோடு வேலை செய்கிறவர்களே செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

"சும்மா ஒரு லேகியம்" கொடுத்து அனுப்புவது

12 வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தவன் ஒட்டுசுட்டான் பக்கத்தவன், வயல்காரன். சோடாப் போத்தல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். உள்ளே அவனுடைய காலைச் சிறுநீர். அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருந்தது. "பாருங்கோ டொக்டர், இவ்வளவும் தாது. ஒண்டுக்குப் போகேக்கையே போகுது" என்றான். முதுகு நோ, கால் உளைவு, கன்னம் ஒட்டிவிட்டது. வீட்டில் கலியாணம் பேசினால் எழும்பிப் போய்விடுகிறான்.

பயப்பட வேண்டாம், இது வருத்தமே இல்லை என்று சொன்னேன். அடுத்த நிமிடமே லேகியமும் எழுதினேன். அவ்வளவு தூரம் வந்தவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. லேகியம் உடம்புக்கு நல்லதுதானே, என்ன கெடுதல் என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தில் வந்தான். முதல் இரண்டு கிழமையும் நன்றாக இருந்ததாம். பிறகு ஒருநாள் திரும்பவும் பழக்கம் வந்ததாம், அன்றைக்கே எல்லா நோவும் வந்துவிட்டதாம். கொஞ்சம் பெரிய மருந்தாகக் கேட்டான். அளவைக் கூட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

எட்டு மாதம் கழித்துத் தாய் கூட்டிக்கொண்டு வந்தார். இடையில், நகரத்தில் அறை எடுத்து மாதத்தில் இரண்டு நாள் வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போயிருக்கிறான். பெயர் ஒட்டாத கறுப்புப் பொடி ஒன்றை அவர் கொடுத்திருக்கிறார். காலபோக நெல் விற்ற காசு போய், தாயின் தோடும் அடைவுக்குப் போயிருந்தது. அவனுக்கோ வயிற்றுக்குத்து, மலச்சிக்கல். பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். இரத்தத்தில் ஈயம் இருந்தது, சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாற்றினினும் ஏறியிருந்தது. பொடியை நிறுத்திய பிறகு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்து விவசாயிகளை ஏற்கெனவே வாட்டுகிறது. இங்கே உள்ள ஒரு வயல்காரனின் சிறுநீரகத்தில் நாங்களும் கைவைக்கலாமா?

அன்று அவன் என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "வருத்தம் இல்லையெண்டு சொன்னனீங்கள். அப்ப ஏன் டொக்டர் மருந்து தந்தனீங்கள்?"

நான் வாயால் சொன்னதை அவன் நம்பவில்லை. துண்டில் எழுதியதை நம்பினான். அவனுக்கு நோய் இருக்கிறது என்று முதலில் எழுதிக் கொடுத்தது நான்தான். அறையில் இருந்தவர் அதற்குப் பிறகு வந்தவர். அதனால்தான் இதே லேகியத்தை வேறொருவர் எழுதுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டிய வேலை பத்து நிமிட வேலை. அந்த வெள்ளை மண்டி பெரும்பாலும் பொஸ்பேற்று உப்புத்தான். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் சிறுநீரை எடுத்து, நாலு துளி வினாகிரி விட்டு ஆட்டினால் கலங்கல் தெளிந்துவிடும். விந்து என்றால் அப்படித் தெளியாது. துளியை அவன் கையாலேயே விடச் சொல்லுங்கள். தெளியாவிட்டால் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள், கிருமித் தொற்றாக இருக்கலாம்.

அப்புறம் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு தடவை வெளியேறுவது ஏறக்குறைய 1.5 முதல் 5 மில்லிலீற்றர். அதில் மிகப் பெரும்பகுதி விந்துப்பையிலும் புரஸ்தசுரப்பியிலும் ஊறும் நீர், உயிரணு 5 வீதமும் இல்லை. அதிலுள்ள புரதம் கால் கிராம் அளவு, ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்தாகிறது என்ற கணக்குக்கு உடம்பில் இடமே இல்லை. இந்தப் பழக்கத்தால் கண் மங்காது, நரம்பு தளராது, பிள்ளைப்பேறும் கெடாது.

சாஸ்திரத்தில் பாதியை மட்டும் எடுப்பது

ஆயுர்வேதம் உடம்பைத் தாங்கும் தாதுக்கள் ஏழு என்று சொல்லி, சுக்கிலத்தை, அதாவது விந்தை, கடைசியில் வைக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றாக வடித்து வருகிற சாரம் அது, போனால் போனதுதான் என்று சனங்கள் விளங்கிக்கொண்டது அதனால்தான். மிகைப் போகம் உடலைத் தேய்க்கும் என்று பழைய நூல்கள் எச்சரிப்பதும் உண்மை. அந்த நூலாசிரியர்களில் ஒருவரான வாக்படர் பருவத்துக்குப் பருவம் அளவே வகுத்திருக்கிறார்: பனிக்காலத்தில் விருப்பம்போல, கோடையில் 15 நாளுக்கு ஒருமுறை. ஆனால் அது ஆண் பெண் சேர்க்கைக்குச் சொன்னது. சுக்கிலம் பாலில் நெய் போல, கரும்புச் சாற்றில் வெல்லம் போல உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது என்று சுசுருதர் சொன்னதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தும்மல், சிறுநீர் போல அடக்கக் கூடாத 13 வேகங்களில் விந்தையும் சரகர் சேர்த்திருக்கிறார், அடக்கினால் விதையில் நோவும் நீர்க்கட்டும் வரும் என்கிறார். எங்கள் சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்களிலும் சுக்கிலம் இருக்கிறது. பயம் காட்டுகிற பாதியை மட்டும் படித்துக் காட்டுவது சாஸ்திரத்துக்கே செய்யும் அநியாயம்.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதுமல்ல. 18ஆம் நூற்றாண்டில் சுவிற்சர்லாந்து வைத்தியர் திசோ இதே பயத்தை ஐரோப்பா முழுக்கப் பரப்பினார். 1960இல் இந்திய மனநல மருத்துவர் விக் இதற்கு "தாது நோய்க்குறி" என்றே பெயர் வைத்தார். அதில் உடம்பை வாட்டுவது பயம், விந்து போவது அல்ல.

உண்மையான நோயைக் காணாமல் விடுவது

மெலிவு, களைப்பு, விறைப்பின்மை என்று ஒருவன் வந்தால் வெறும் வயிற்றில் சீனி பாருங்கள். இரத்தச்சோகை பாருங்கள். விடாத இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க அனுப்புங்கள்.

அதைவிட முக்கியம், நித்திரை எப்படி என்று கேளுங்கள். 2009 போரைச் சிறுபிள்ளையாகக் கடந்து வந்தவர்கள் இப்போது எங்கள் முன்னால் இருக்கிறார்கள். இரவில் திடுக்கிட்டு எழும்புவது, வேலையில் மனம் போகாதது, சாகலாம் போல இருப்பது, எல்லாவற்றுக்கும் அந்தப் பழக்கத்தையே அவர்கள் காரணமாகச் சொல்வார்கள். அவர்களை மனநலக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும், 1926 என்ற மனநல உதவி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கலியாணம் கட்டினால் சரியாகும்" என்பது

சரியாகாது. அந்தப் பயமும் சேர்ந்துதான் மணவறைக்குப் போகும்.

தாயின் முன்னால் கேட்பது

தாய் பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்கவே வேண்டாம்.

"ஒன்றுமில்லை, போ" என்பது

இது லேகியத்துக்கு நேரெதிர்த் தவறு. விந்தில் இரத்தம், விதையில் கட்டி, முரட்டுத்தனத்தால் தோலில் புண், வேலையையும் நித்திரையையும் விழுங்கும் அளவுக்குக் கட்டுமீறிய பழக்கம், இவையெல்லாம் பார்க்கவேண்டியவை. ஒன்றும் இல்லை என்றாலும், அவன் படும் வேதனை உண்மை.

போன மாதம் வந்த அந்தப் பெடியனுக்கும் குழாயை எடுத்து வைத்து, வினாகிரிப் போத்தலை அவன் கையில் கொடுத்தோம். மூன்றாவது துளியில் கலங்கல் போய்விட்டது. குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப மருந்து, டொக்டர்?" என்றான்.

இளம் வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"மருந்து இல்லைத் தம்பி" என்றார் அவர். "நாளைக்குச் சாப்பிடாமல் வந்து இரத்தம் குடும். ரெண்டு கிழமையால திரும்ப வாரும், கதைப்பம்." கிளினிக் அட்டையில் திகதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்.