ஸ்கூட்டருக்கு ஒரு டியூனிங், கியர் வண்டிக்கு ஒரு டியூனிங்: உப்புக்காற்று ஊர்களுக்கான கார்புரேட்டர் செய்முறை

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு விற்ற வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் இன்ஜெக்‌ஷன். பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் இன்னும் உழைக்கிற, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்குத்தான் இந்தச் செய்முறை.

கியர் வண்டியில் கிளட்ச் நம் கையில் இருக்கிறது. ஸ்கூட்டரில் இன்ஜின் வேகம் ஏறினால் கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும். அதனால் ஸ்கூட்டரில் ஐடில் (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) கூடிப்போனால் நிற்கும்போதே வண்டி முன்னால் இழுக்கும், கிளட்ச் ஷூவும் வீணாகத் தேயும்.

முதலில் சுத்தம். துறையோரம் நாள்கணக்கில் நிற்கும் வண்டியின் ஃப்ளோட் கிண்ணத்தில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம்) பெரும்பாலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பெட்ரோலில் கலந்த எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரமும் உப்பும் சேர்ந்து அலுமினியத்தை அரிப்பதால் வருகிற பொடி அது. ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் ஓட்டை ஊசிமுனை அளவுதான், ஒரு துகள் போதும் அடைக்க. கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காற்றழுத்தத்தால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. ஓட்டை அகன்றுவிட்டால் எந்த டியூனிங்கும் நிற்காது. ஏர் ஃபில்டரில் மணல் இருக்கிறதா, கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ: வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் திருப்பித்தான் பலர் குழம்புகிறார்கள்.

ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்புங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கினால் முனை நசுங்கும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். திறந்த வெளியில் பத்து நிமிடம் ஓடிச் சூடான இன்ஜினில், கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடில் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். கடைசியில் ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். வண்டியின் கையேட்டு அளவுதான் கணக்கு. பொதுவாக 100 சிசி கியர் வண்டிக்கு ஏறத்தாழ 1,400 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை), 110 சிசி ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ 1,700 இருக்கும்.

ஸ்கூட்டருக்குச் சோதனை: சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் லேசாகச் சுற்றலாம், பிரேக்கை மெல்லப் பிடித்ததும் நிற்க வேண்டும், இன்ஜினும் அணையக் கூடாது. ஐடில் சரியாக இருந்தும் சக்கரம் வேகமாகச் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள், கார்புரேட்டர் மேல் குற்றமில்லை.

கியர் வண்டிக்குப் பாம்பன் சாலைப்பாலத்தின் இறக்கம் நல்ல சோதனைக்களம். போக்குவரத்து குறைந்த நேரத்தில், மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டு இறங்குங்கள். சைலன்சரில் பட்பட்டென வெடித்தால் ஸ்லோ சர்க்யூட்டில் (ஸ்லோ ஜெட் வழியில்) பெட்ரோல் போதவில்லை; மிக்ஸர் ஸ்க்ரூவில் பெட்ரோலைக் கால் சுற்றுக் கூட்டுங்கள். அதற்கு முன் சைலன்சர் ஜாயின்ட்டில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அங்கே காற்று புகுந்தாலும் இதே சத்தம்தான்.

ஒரு வாரம் ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை பழுப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். கரி பிடித்திருந்தால் பெட்ரோலைக் கால் சுற்றுக் குறையுங்கள், வெளுத்திருந்தால் கால் சுற்றுக் கூட்டுங்கள்.