ஒன்பது கட்டங்களில் மணிவளைவு: சூத்திரத்துக்குள் பை எப்படி வந்தது?

மணிவளைவு எனப்படும் இயல்நிலைப் பரவலின் சூத்திரத்தைப் பார்க்கும் யாருக்கும் வரும் சந்தேகம்தான். மனிதர்களின் உயரத்துக்கும் அளவீட்டுப் பிழைக்கும் எழுதிய சூத்திரத்தில் வட்டத்தின் பை-க்கு (π, 3.14159...) என்ன வேலை? இதை ஸ்பிரெட்ஷீட்டில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். எனக்கு லிப்ரே ஆபிஸ் கால்க்தான் பிடிக்கும். இலவசம், இணையமும் வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸிலும் இதே படிகள்தான்.

படி 1: முதல் பத்தியில் -4 முதல் 4 வரை முழு எண்களை இடுங்கள். ஒன்பது கட்டங்கள்.

படி 2: பக்கத்துப் பத்தியில் எக்ஸ்ப் (EXP) பார்முலா. e (2.718...) என்ற எண்ணை நாம் கொடுக்கும் அடுக்குக்கு உயர்த்தும் பார்முலா அது. எண்ணை வர்க்கமாக்கி, 2ஆல் வகுத்து, மைனஸ் போட்டு உள்ளே கொடுக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிதானம். வர்க்கத்துக்கு முன்னால் மைனஸை அப்படியே ஒட்டி எழுதினால், ஸ்பிரெட்ஷீட் முதலில் எண்ணின் குறியை மாற்றிவிட்டு அப்புறம்தான் வர்க்கமாக்கும். மைனஸ் காணாமல் போய்விடும். மேலே சொன்ன மூன்று மென்பொருளிலும் இதுதான் நிலை. பைதான் (Python) நிரல்மொழி முதலில் வர்க்கமாக்கும் என்பதால், அங்கே ஒழுங்காக ஓடிய பார்முலா இங்கே கவிழும். ஓரக் கட்டத்தில் 0.0003க்குப் பதில் 2981 வருகிறதா? காரணம் இதுவேதான். வர்க்கத்தை அடைப்புக்குறிக்குள் வைத்து, மைனஸை வெளியே போடுங்கள்.

சரியாக வந்தால் நடுவில் 1 இருக்கும். அங்கிருந்து இருபக்கமும் 0.6065, 0.1353, 0.0111, 0.0003.

படி 3: ஒன்பதையும் கூட்டுங்கள். இடைவெளி 1 என்பதால், இந்தக் கூட்டுத்தொகை கிட்டத்தட்ட வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு. 2.50662. அதை வர்க்கமாக்கினால் 6.28315. பாதியாக்கினால் 3.14157.

ஒன்பதே எண்களில் பை! இடைவெளியை 2 ஆக்கி, கூட்டுத்தொகையை 2ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.54 என்று நழுவிவிடும்.

ஏன் பை? வர்க்கமாக்குவது என்றால் இரண்டு மணிவளைவுகளைப் பெருக்குவது. ஒன்றைக் கிழக்கு மேற்காகவும் மற்றதை வடக்கு தெற்காகவும் வைத்துப் பெருக்கினால், அடுக்கில் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் வரும். பிதாகரஸ் தேற்றப்படி அது மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கம். ஒரே தூரத்திலுள்ள புள்ளிகளுக்கெல்லாம் ஒரே உயரம். வட்டம் வந்துவிட்டது. 1733இல் கணிதவியலாளர் ஆபிரகாம் டி மாய்வர் இந்த வளைவை எட்டியபோதும் இதே 2.5066 குறுக்கே நின்றது. ஆரம் 1 உள்ள வட்டச் சுற்றளவின் வர்க்கமூலம் அது என்று கண்டவர் அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஸ்டெர்லிங்.

படி 4: உண்மைத் தரவுக்கு, எண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) வகுத்து, பிறகு பார்முலாவில் கொடுங்கள். விடையை 2.5066ஆலும் திட்ட விலக்கத்தாலும் வகுத்தால் மொத்தப் பரப்பு 1 ஆகும். சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68.27%, இரண்டுக்குள் 95.45%.

பிற்சேர்க்கை: "உச்சி 3.99 வருகிறதே, நிகழ்தகவு 1ஐத் தாண்டலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். திட்ட விலக்கம் 0.1 என்றால் அப்படித்தான் வரும். வளைவின் உயரம் நிகழ்தகவு இல்லை. கீழே உள்ள பரப்புதான் நிகழ்தகவு.

தொலைநோக்கியில் எடுத்த விண்மீன் படத்தில் திட்ட விலக்கத்தை எப்படிப் பிடிப்பது என்றும் கேள்வி வந்தது. உச்சியின் பாதி உயரத்தில் அகலத்தைப் பிக்சலில் அளந்து 2.355ஆல் வகுங்கள். அளக்கும் முன் வானப் பின்புல வெளிச்சத்தைக் கழித்துவிடுங்கள். கழிக்காவிட்டால் அகலம் கூடுதலாகக் காட்டும்.