கதவின் முன்னால் நாலு நிமிடம்: கேம் டிசைன் முதுகலை படிக்க வருபவர்களுக்கு

என் முதல் பிளேடெஸ்டில் (செய்த கேமை வேறொருவரை ஆடவைத்துப் பார்க்கும் சோதனை) ஒருவர் மூடிய கதவின் முன்னால் நாலு நிமிடம் நின்றார். கதவைத் திறக்கிற நெம்புகோல் அவர் தலைக்கு மேலேயே, கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவை முட்டினார், குதித்தார், கீபோர்டில் உள்ள எழுத்தையெல்லாம் வரிசையாக அழுத்திப் பார்த்தார், வந்த வழியே போய்விட்டு மறுபடி வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மேலே பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்றிருந்த பேராசிரியை கேட்டார்: "இந்த கேமை ஆடறவங்க எல்லார் வீட்டுக்கும் நீங்க போய் நிப்பீங்களா?"

அதுவரை நான் வங்கி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவன். புரோகிராம் ஓடினால் வேலை முடிந்தது என்று பழகிய ஆள். முதுகலையில் சேரும்போது, இரண்டு வருடம் உட்கார்ந்து கேம் செய்யப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். செய்தேன்தான். ஆனால் அடுத்தவர் ஆடுவதை வாயைக் கட்டிக்கொண்டு பார்த்த நேரத்தில் கற்றதே எனக்கு அதிகம். அதனால் அங்கேயிருந்தே தொடங்குகிறேன்.

பிளேடெஸ்டுக்கு முந்தின நாளே பில்டை, அதாவது ஓடுகிற நிலையில் உள்ள கேமை, தொடுவதை நிறுத்திவிடுங்கள். காலையில் "இந்த ஒரு பக் மட்டும்" என்று கை வைத்தால் மதியம் கேம் திறக்காது. அப்புறம், இன்றைக்கு உங்களுக்குத் தெரியவேண்டியது என்ன என்று ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள். "கேம் பிடிக்கிறதா" என்பதெல்லாம் கேள்வியே இல்லை. "இரண்டாவது அறையில் சாவி கண்ணில் படுகிறதா?", "தோற்றதும் மறுபடி ஆடுகிறாரா, கையை எடுத்துவிடுகிறாரா?" இந்த மாதிரி, பார்த்தே விடை சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும்.

ஆள் வந்து உட்கார்ந்ததும் இரண்டே விஷயம் சொல்லுங்கள். பரீட்சை கேமுக்குத்தான், அவருக்கு இல்லை. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடவேண்டும். அவ்வளவுதான். கதைச் சுருக்கம் வேண்டாம், எந்தப் பட்டன் எதற்கு என்ற விளக்கமும் வேண்டாம். பக்கவாட்டில், ஓரடி பின்னால், அவர் முகமும் கையும் தெரிகிற மாதிரி உட்காருங்கள். திரையை ஓபிஎஸ் மாதிரி ஏதாவது இலவச மென்பொருள் பதிவுசெய்துகொள்ளும். அதில் பதிவாகாதது அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்தது, பெருமூச்சு விட்டது, மவுஸிலிருந்து கையை எடுத்தது. உங்கள் கண் அங்கே இருக்கட்டும்.

குறிப்பில் நேரம், இடம், செய்தது, சொன்னது மட்டும். "4:10, கதவு, ஐந்து தடவை முட்டினார், 'பூட்டியிருக்கா?' என்றார்." இதுதான் குறிப்பு. "குழம்பிவிட்டார்" என்று எழுதினால் அது உங்கள் ஊகம். ஒரு வாரம் கழித்து எடுத்துப் படிக்கும்போது எது ஊகம், எது நடந்தது என்று உங்களுக்கே தெரியாது.

ஆடி முடித்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்பார்கள். எதிரில் செய்தவனே உட்கார்ந்திருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? நான் கேட்பது இரண்டு. "இப்ப என்ன நடந்துச்சுன்னு ஊர்ல இல்லாத ஒரு நண்பருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க" என்பது ஒன்று. நீங்கள் முக்கியம் என்று நினைத்த கதாபாத்திரத்தின் பெயர்கூட அந்தக் கதையில் வராமல் போகும். வலிக்கும், ஆனால் அதுதான் உண்மை நிலவரம். இன்னொன்று, "கதவு முன்னால நின்னப்ப என்ன நினைச்சீங்க?" என்பது போல, பார்த்த ஓர் இடத்தைக் குறித்துக் கேட்பது.

எத்தனை பேர் வேண்டும்? எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு சுற்றுக்கு ஐந்து பேர் போதும். பயன்பாட்டுச் சோதனை பற்றி ஜேக்கப் நீல்சன் சொன்ன கணக்கு அது. ஒரே தடவையில் பதினைந்து பேரைக் கூட்டுவதைவிட ஐந்து பேர், திருத்தம், வேறு ஐந்து பேர் என்று போவது எவ்வளவோ மேல். இரண்டு கேமை ஒப்பிட்டு எண்ணிக்கையில் முடிவு சொல்லவேண்டுமென்றால் ஐந்து பேர் பற்றவே பற்றாது, அது வேறு கதை. உடன் படிப்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அவர்களுக்கு மூடிய கதவைக் கண்டாலே நெம்புகோலைத் தேடத் தெரியும். என் வகுப்பில் ஆறு பேர் அந்த அறையைத் தடையில்லாமல் கடந்திருந்தார்கள். அதனால்தான் அப்படியே விட்டிருந்தேன்.

சரி, அந்தக் கதவு என்ன ஆயிற்று? அடுத்து ஆடியவர்களில் மூன்று பேர் ஒரே யோசனை சொன்னார்கள்: "ஒரு குறிப்பு வந்தா நல்லா இருக்கும்." ஆடுபவர் வலி எங்கே என்று சொன்னால் நம்புங்கள், மருந்து சொன்னால் மட்டும் யோசியுங்கள். பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கதவுக்கு முன்னால் இரண்டு படி இறக்கம் வைத்திருந்தேன், அழகாக இருக்கட்டுமே என்று. ஆடுபவர் அதில் இறங்கியதும் கேமராவும் கூடவே இறங்கியது. நெம்புகோல் திரையைவிட்டு வெளியே போனது. அவர் மேலே பார்க்காமல் இல்லை. பார்க்க அங்கே எதுவுமே இல்லை. படியை எடுத்தேன், நெம்புகோலிலிருந்து கதவுவரை ஒரு சங்கிலி தொங்கவிட்டேன். குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. அடுத்து வந்த ஐந்து பேரில் ஒருவரும் அங்கே நிற்கவில்லை.

இதே கதைதான் குதிப்பதிலும். இரண்டாவது செமஸ்டரில் ஒரு குதிப்புக்கு மட்டும் மூன்று வாரம் செலவழித்தேன் என்றால் வீட்டில் யாரும் நம்பவில்லை. "கேம் என்னை ஏமாத்துது, நான் அழுத்தினேன், அது குதிக்கலை" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பதிவைப் பார்த்தால் கேம் சரி, அவர்கள்தான் தாமதம்: பாத்திரம் விளிம்பைத் தாண்டிய பிறகே பட்டன் அழுந்தியிருந்தது. ஆனால் வாதாடி என்ன பயன்? இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. கார்ட்டூனில் பள்ளத்தாக்கின் மேலே காற்றில் ஒரு கணம் நிற்கிற கயோட்டியை (ஓநாய் போன்ற ஒரு விலங்கு) வைத்து அதற்கு 'கயோட்டி டைம்' என்று பெயர். தரையைவிட்டு விலகிய பிறகும் சில ஃபிரேம்களுக்கு, அதாவது திரையில் அடுத்தடுத்து மாறும் சில படங்களின் நேரத்துக்கு, குதிக்க அனுமதிப்பது. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிநொடி. ஆறு ஃபிரேம் கொடுத்தால் நொடியில் பத்தில் ஒரு பங்கு. யார் கண்ணுக்கும் அது தெரியாது, கைக்கு மட்டும் தெரியும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தினால் அதை நினைவில் வைத்திருந்து, தொட்டதும் குதிக்கவைப்பது இதன் தம்பி. 2018-இல் வந்த செலஸ்ட் கேமில் இந்த இரண்டும் இருக்கின்றன. விளையாடும்போது ஒருநாளும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இந்த மாதிரி எண்களை நிரலுக்குள் புதைக்காதீர்கள். குதிக்கும் உயரம், விழும் வேகம், அந்த ஆறு ஃபிரேம் எல்லாம் ஒரே இடத்தில், கேம் ஓடும்போதே மாற்றுகிற மாதிரி இருக்கட்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மாற்றப்போகிறீர்கள்.

படிக்கவேண்டியதும் நிறைய இருக்கும். விளையாட்டும் பண்பாடும் பற்றி எழுதிய ஹுய்சிங்கா வருவார். விளையாட்டைப் போட்டி, அதிர்ஷ்டம், வேடம் கட்டுதல், தலைசுற்றல் என்று நாலாகப் பிரித்த கைவா வருவார். நாலாவதை முதலில் படித்தபோது சிரித்தேன், அப்புறம்தான் தட்டாமாலை சுற்றியது ஞாபகம் வந்தது. எனக்கு அன்றாடம் கைகொடுத்தது ஹனிக்கி, லெப்ளாங், ஜூபெக் மூவரும் 2004-இல் எழுதிய எம்டிஏ (மெக்கானிக்ஸ், டைனமிக்ஸ், ஈஸ்தெடிக்ஸ்) கட்டுரை. நாம் விதிகளை எழுதுகிறோம், விதிகள் ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதி ஒரு நடத்தையை உண்டாக்குகின்றன, அதிலிருந்து ஆடுபவருக்கு ஓர் உணர்வு எழுகிறது. ஆடுபவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறார்: அவருக்கு முதலில் தட்டுவது உணர்வுதான். வகுப்பில் தாளில் செய்த ஒரு காய் விளையாட்டில் "தோற்றவர் ஒரு காயை இழப்பார்" என்று வைத்திருந்தோம். சின்ன விதி. ஆனால் முதல் சுற்றில் தோற்றவருக்குக் காய் குறைந்ததால் இரண்டாவது சுற்றிலும் தோற்றார். பத்து நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிட்டார். "தோற்றவர் அடுத்த சுற்றில் முதலில் எடுப்பார்" என்று மாற்றினோம், கடைசிவரை யாரும் எழுந்திருக்கவில்லை. கட்டுரையை இப்படி ஒரு விளையாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். வெறுமனே படித்தால் மூன்று ஆங்கிலச் சொல்தான் மிஞ்சும்.

தாளில் செய்வது என்றேன். எந்த யோசனையையும் முதலில் தாளிலும் காயிலும் ஆடிப் பாருங்கள். ஒரு மாலையில் தெரிந்துவிடும். எஞ்சினில், அதாவது கேம் செய்யும் மென்பொருளில், அதற்கே இரண்டு வாரம். எந்த எஞ்சின் என்று ஒரு மாதம் சண்டை போடுகிற டீம்களைப் பார்த்திருக்கிறேன். யூனிட்டியோ அன்ரியலோ கோடோவோ, டீமில் அதிகம் பேருக்குத் தெரிந்தது எதுவோ அது. முடிந்தது.

டீம் வேலையில் என் தலையாய அடி ஃபைல்களால் வந்தது. இடைக்கால மதிப்பீட்டுக்கு முந்தின இரவு நானும் எங்கள் ஆர்ட்டிஸ்டும் ஒரே சீன் ஃபைலை (கேமின் ஓர் இடத்தின் அமைப்பு இருக்கும் ஃபைல்) திறந்து வேலை செய்துகொண்டிருந்தோம். இரண்டு பேரும் ஏற்றினோம். ஃபைல்களின் பதிப்புகளைக் காத்து வைக்கும் மென்பொருளான கிட் முரண்பாடு காட்டியது. தூக்கக் கலக்கத்தில் என்னுடையதை வைத்துக்கொள் என்று அழுத்தினேன். அவள் இரண்டு நாளாகப் போட்ட வெளிச்சம் அந்த பில்டில் இல்லை. பழைய கமிட்டிலிருந்து (கிட்டில் முன்பு சேமித்த பதிப்பு) மீட்டுவிட்டோம், ஆனால் மதிப்பீடு முடிந்த பிறகுதான். அவள் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நிரல் வெறும் எழுத்து, வரிக்கு வரி சேர்த்துவிடலாம். படம், ஒலி, மாடல் எல்லாம் அப்படிச் சேராது, சீன் ஃபைலைச் சேர்ப்பதும் பெரிய தலைவலி. முதல் நாளே கிட் எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களுக்கான கிட்டின் துணை மென்பொருள்) போட்டு, அதில் பூட்டுகிற வசதியைப் பயன்படுத்துங்கள்: ஒருவர் பூட்டியதை இன்னொருவர் தொடக்கூடாது. பெரிய அறையைச் சின்னச் சின்ன சீன்களாகப் பிரியுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது கேம் ஓடுகிற வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும். அந்த அறை கம்ப்யூட்டரில் உங்கள் பில்டு திறக்காமல் போகும் நாள் ஒன்று வரும்.

அப்புறம் தீசிஸ். என் முதல் திட்டத்தில் 12 லெவல், 3 முடிவுகள், நினைவிழப்பு பற்றிய ஒரு கதை. கைடு படித்துவிட்டு, "இதைச் செஞ்சு முடிச்சா, இப்ப தெரியாத எது அப்ப உங்களுக்குத் தெரியும்?" என்றார். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோனது ஒரே கேள்வி: வரைபடமே இல்லாமல், ஒலியை மட்டும் வைத்து ஆடுபவருக்கு வழி காட்ட முடியுமா? அதற்கு மூன்று லெவல் போதுமானதாக இருந்தது. எனக்கு முன்மாதிரியாக இருந்தது ஃப்ளோ. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜெனோவா சென் தன் முதுகலை ஆய்வுக்காக 2006-இல் கொண்டுவந்த சின்ன கேம். கடினத்தை கேம் தீர்மானிக்காமல், ஆடுபவரே ஆட்டத்துக்குள்ளேயே தேர்ந்துகொள்ள முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. ஆழத்துக்கு நீந்தினால் கடினம், மேலே வந்தால் எளிது. அமைப்புப் பட்டியலில் 'எளிது, நடுத்தரம், கடினம்' என்ற மூன்று பட்டன் கிடையாது. அடுத்த வருடமே பிளேஸ்டேஷன் 3-க்கு வந்தது. கேள்வி ஒன்றாக இருந்ததால்தான் கேமும் கையடக்கமாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை, இதை யாரும் எனக்கு நேரத்தில் சொல்லவில்லை. ஆட்களை வைத்துச் சோதித்ததை ஆய்வேட்டில் எழுதப்போகிறீர்கள் என்றால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதுவும் சோதனைக்கு முன்பே. பின்தேதியிட்டு வாங்க முடியாது. ஒன்பது பேரைச் சோதித்து, குறிப்பெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ஒன்பதும் போச்சு. விண்ணப்பம், ஒப்புதல் படிவம், கேட்கப்போகும் கேள்விகள், பதிவை எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையெல்லாம் முந்தின செமஸ்டரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். திருத்தச் சொல்லித் திரும்பி வரும், அதற்கும் நாள் வேண்டும்.

கேம் ஜாமுக்குப் (குறைந்த நேரத்துக்குள் ஒரு கேம் செய்து முடிக்கும் நிகழ்ச்சி) போங்கள், வருடம் ஒன்றாவது. குளோபல் கேம் ஜாம் 2009-இல் 48 மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கியது. ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ளுங்கள்: தள்ளு, ஒட்டு, கத்து, ஏதோ ஒன்று. முதல் இரவு தூங்குங்கள். தூங்காமல் எழுதியதை இரண்டாவது நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். செலஸ்டின் முதல் வடிவமும் 2015-இல் நாலு நாளில் செய்ததுதான். போர்ட்ஃபோலியோவுக்கு ஒன்றே ஒன்று: டீமாகச் செய்ததில் நீங்கள் செய்தது எது என்று முதல் வரியிலேயே இருக்கவேண்டும். "கேம் டிசைனர்" என்று மட்டும் போட்டால் ஒன்றும் போட்ட மாதிரி இல்லை.

சும்மா விளையாடுகிற சந்தோஷம் கொஞ்ச நாளைக்குப் போய்விடும். எதைத் திறந்தாலும் கேமரா எங்கே இருக்கிறது, விளிம்பில் எத்தனை ஃபிரேம் என்று கண் போகும். எனக்கு ஒன்றரை வருடம் அப்படித்தான். வேறு யாராவது ஆட, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கொஞ்சம் தேவலை.

கடைசி வாரத்தில் எல்லாரும் மறக்கிற வேலை ஒன்று உண்டு. எஞ்சினின் எந்தப் பதிப்பில் செய்தீர்கள் என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, பிராஜெக்ட் ஃபோல்டர், ஓடுகிற பில்டு, முழு ஆட்டத்தின் வீடியோ மூன்றையும் இரண்டு இடத்தில் வையுங்கள். என் முதல் செமஸ்டர் கேம் இன்றைக்குத் திறப்பதில்லை. பதிப்பு எது என்று எழுதிவைக்கவில்லை. அந்த நாலு நிமிடம் மட்டும் வீடியோவாக இருக்கிறது, ஐந்தாவது நிமிடத்தில் "மேலே பாருங்க" என்று என் குரலோடு.