மஸ்கி மீனுக்கு எத்தனை அடித் தூண்டில்?

அமெரிக்காவின் விஸ்கான்சின், மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ ஏரிகளில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் 8 அடிக்குக் குறையாத தூண்டில் கோலை வாங்குவது நல்லது. 8.5 அடி என்றால் இன்னும் வசதி. தூரமாக வீசுவதற்கு மட்டும் அல்ல. மஸ்கி, போலி இரையைப் படகு வரை துரத்தி வந்துவிட்டுக் கடைசி நொடியில் தயங்கும் மீன். அப்போது கோலின் நுனியை நீருக்குள் இறக்கி, 8 என்ற எண் வடிவில் இரையைச் சுழற்ற வேண்டும். கோல் குட்டையானால் வளைவு குறுகிவிடும்; ஒரு மீட்டர் நீள மீன் அதில் திரும்ப முடியாமல் விலகிப்போகும். குனிந்து குனிந்து நமக்கு முதுகு பிடித்துக்கொள்வது தனிக் கதை. நுனியைக் கீழ்நோக்கி வெட்டி இழுத்து ஆட்டும் இரைகளுக்கு மட்டும் 7 அடி போதும். அதற்கு நீளக் கோல் நீரில் இடிக்கும். காரில் அடங்குமா என்ற கவலை இருந்தால், கைப்பிடிக்குள் சுருங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.